டெல்டாவில் பழுப்பு நிலக்கரி தேடித் துளையிடுதல்: இடம் குறிப்பதிலிருந்து துளையை அடைப்பது வரை

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போர் போடுவது என்றால் எல்லோருக்கும் தெரிந்த காரியம். மணல் வந்ததா, தண்ணீர் நல்லதா, எத்தனை அடியில் ஃபில்டர் பைப் இறக்குவது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நிலக்கரி தேடிப் போடும் துளை அதே ரிக்கில், அதே ராடில் போட்டாலும் வேறு சாதி வேலை. தண்ணீர் போரில் அடி கணக்கு பத்து முன்னே பின்னே போனாலும் மோட்டார் ஓடும். இங்கே கரிப்படலத்தின் மேல்மட்டம் அரை மீட்டர் தப்பினால் அதன் மேல் போடும் மதிப்பீடு எல்லாம் தப்பு. துளையிலிருந்து வெளியே வருவது தகவல் மட்டும்தான். அந்தத் தகவல் கெட்டால் மிஞ்சுவது வயலில் ஒரு ஓட்டை.

இந்தப் பகுதியில் கரி என்றாலே பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். ஜார்க்கண்டில் வெட்டும் கருநிலக்கரியை மனதில் வைத்துக்கொண்டு இங்கே துளையிட வரக்கூடாது. அங்கே சுற்றியிருப்பது கெட்டிப் பாறை. இங்கே வண்டல், அதன் கீழே கடலூர் மணற்கல் தொகுதியின் மணல், களிமண் அடுக்குகள். எல்லாம் உதிரும், ஊதும், சரியும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வந்ததில்தான் நெய்வேலிக் கதை தொடங்கியது. அதே கரித்தொகுதியின் உறவுக்காரப் படலங்கள் தெற்கே ஜெயங்கொண்டம், மன்னார்குடி வரை நிலத்தடியில் பரவியிருக்கின்றன. டெல்டாவுக்குள் வர வர ஆழம் கூடும். நெய்வேலியில் திறந்தவெளியில் வெட்டி எடுக்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் படலங்கள் பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகின்றன.

முதலில் சட்டம்

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் காவிரி டெல்டா மண்டலமாக அறிவித்தது. அதன் தடைப்பட்டியலில் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு முதலியவற்றைத் தேடுவதும் துளையிடுவதும் எடுப்பதும் இருக்கின்றன. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏல அறிவிப்பில் தஞ்சை மாவட்டத்து வடசேரி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி என்ற மூன்று லிக்னைட் பகுதிகள் இடம்பெற்றன. மாநில அரசு எதிர்த்தது. ஏப்ரல் முதல் பாதியிலேயே மூன்றையும் ஏலத்திலிருந்து எடுத்துவிட்டதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார்.

ஆகவே "டெல்டாவில் துளையிடுவோம்" என்று ரிக்கைக் கிளப்பும் முன், குறிக்கும் இடம் எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், மண்டலத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வருவாய் வரைபடத்தில் சர்வே எண்ணோடு பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துமூல அனுமதி கையில் இல்லாமல் ராடு இறங்கக்கூடாது. கீழே சொல்லும் முறை மண்டலத்துக்கு வெளியே வேலை செய்பவர்களுக்கும், புவியியல் படிப்பவர்களுக்கும், தன் வயலில் ஒரு காலத்தில் போட்ட துளை என்ன ஆனது என்று கேட்கும் விவசாயிக்கும் ஒன்றேதான்.

இடமும் காலமும்

துளைகளைச் சதுரக் கட்டத்தில் வைப்பது வழக்கம். ஆரம்பத் தேடலில் துளைக்குத் துளை ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். விரிவான ஆய்வில் 400 மீட்டர். 400 மீட்டர் கட்டம் என்றால் சதுர கிலோமீட்டருக்கு ஆறு துளைக்குச் சற்று மேல். ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றி 200 மீட்டருக்குப் பொறுப்பேற்கிறது என்பது கணக்கு. ஆனால் வரைபடத்தில் விழும் புள்ளி கோவில் குளத்திலோ சுடுகாட்டிலோ வாய்க்கால் நடுவிலோ விழும். அப்போது நகர்த்தத்தான் வேண்டும். நகர்த்திய பின் புதிய இடத்தை அளந்து எழுதுங்கள். பழைய புள்ளியின் ஆயத்தொலைவைப் பதிவேட்டில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

துளை வாயின் மட்டத்தையும் சென்டிமீட்டர் அளவுக்கு எடுக்க வேண்டும். நிலமே பலகை மாதிரி கிடக்கும் ஊர் இது. கீழே படலத்தின் சரிவும் மிக மெல்லியது. மேலே அரை மீட்டர் தப்பான மட்டம் கீழே இல்லாத ஒரு மடிப்பைக் காட்டும்.

காலம் விஷயத்தில் வெளியூர் குழுக்கள் ஒவ்வொரு முறையும் ஏமாறுவார்கள். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று நினைத்து லாரியைக் கொண்டுவருவார்கள். வயல் காலியாக இராது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். பார்ப்பதற்குத் தரிசு, உள்ளே முளைத்து நிற்கும் பயிர். அது சித்திரையில்தான் எடுப்பு. அதற்குப் பின் ஜூன் 12 மேட்டூர் திறப்பு வரை உள்ள இடைவெளிதான் நிஜமான வேலைக்காலம். பம்புசெட் வைத்திருப்பவர்கள் அதற்கும் காத்திராமல் முன்பட்டக் குறுவை போட்டுவிடுவார்கள். அவர்கள் வயலில் இடைவெளி இன்னும் குறுகும். ஐப்பசி, கார்த்திகையில் களி வயலுக்குள் ரிக் லாரி இறங்கினால் டிராக்டர் வைத்து இழுத்தாலும் வராது.

திருவாரூர், நாகை பக்கம் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் வயலுக்கடியில் ஓடுகின்றன. நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம் என எண்ணெய் வயல்கள் உள்ள பகுதி. குழாய்த்தடக் கல்லை மட்டும் நம்பாமல் குழாய்க்குச் சொந்தக்காரரிடம் வரைபடம் வாங்குங்கள். மாஸ்டை, அதாவது ரிக்கின் உயர்ந்த கம்பத்தை, நிமிர்த்தும் இடத்துக்கு மேலே பம்புசெட் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் முதல்நாள் வேலை.

களம் அமைத்தல்

மேல்மண் 30 சென்டிமீட்டரைத் தனியாக வழித்து ஒரு பக்கம் குவியுங்கள். பல தலைமுறை வண்டலும் எருவும் சேர்ந்த மண் அது. அடிமண்ணோடு கலந்துவிட்டால் அந்த இடத்தில் இரண்டு மூன்று போகம் பயிர் வெளுத்து நிற்கும். ரிக்கின் ஜாக்கி கால்களுக்குக் கீழே மரக்கட்டைப் படுகை போடுங்கள். களி வயலில் ஒரு கால் இரண்டு அங்குலம் அமிழ்ந்தாலே மாஸ்ட் சாயும், துளையும் சாயும்.

துளையிடும்போது பென்டோனைட் என்ற ஊதும் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்த குழம்பு ராடின் உள்வழியே கீழே போய், வெட்டுத்தூளைச் சுமந்துகொண்டு மேலே வரும். அந்தக் குழம்புக்கான தொட்டியின் அளவைக் கணக்குப் போட்டு வெட்டுங்கள். 150 மில்லிமீட்டர் துளை, 300 மீட்டர் ஆழம் என்றால் துளையின் கொள்ளளவு 5.3 கன மீட்டர். தொட்டிகள் அதைப்போல் மூன்று பங்காவது, அதாவது 16 கன மீட்டர் பிடிக்க வேண்டும். 4 × 2 × 1.5 மீட்டரில் ஒன்று, 2 × 2 × 1.5 மீட்டரில் ஒன்று வெட்டினால் 18 கன மீட்டர் வரும். துளையிலிருந்து வரும் குழம்பு முதலில் சின்னத் தொட்டியில் மணலைப் படியவிட்டு, வழிந்து பெரியதற்குப் போகட்டும். இரண்டுக்கும் தார்ப்பாய் விரிப்பு கட்டாயம். பாசன வாய்க்காலுக்கும் தொட்டிக்கும் இடையில் வரப்பை உயர்த்துங்கள். பென்டோனைட் வாய்க்காலில் போனால் கீழ்மடை வயல்களில் படிந்து மண்ணின் கண்ணை அடைத்துவிடும். ஊரோடு சண்டை அங்கேதான் தொடங்கும், நியாயமாகவே.

தண்ணீரை டேங்கரில் கொண்டுவாருங்கள். பக்கத்து வயல் மோட்டார் இலவச விவசாய மின்சாரத்தில் ஓடுவது. அதை இந்த வேலைக்குத் திருப்பக்கூடாது.

குழம்பு: வேலையின் பாதி இதில்

இங்கே துளைச் சுவரைத் தாங்கி நிறுத்துவது பென்டோனைட் குழம்பு ஒன்றுதான். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 60 கிலோ பென்டோனைட். அதற்கு முன் தண்ணீரில் ஏறத்தாழ ஒரு கிலோ சோடா ஆஷ் கரைத்துவிடுங்கள். போர்த்தண்ணீரின் சுண்ணாம்புத்தன்மை பென்டோனைட்டை ஊதவிடாது. சோடா ஆஷ் அதை முறிக்கும். கலந்தவுடன் பயன்படுத்தாதீர்கள், ஓர் இரவாவது ஊறட்டும். ஊறாத பென்டோனைட் துளைக்குள் போய்க் கட்டியாகத் திரியும், சுவரில் தோல் பிடிக்காது.

வேதாரண்யம், நாகை போன்ற கடலோரத்தில் இன்னொரு தொல்லை: உப்புத்தண்ணீர். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரு கரண்டி பென்டோனைட் தூவி மறுநாள் காலை பாருங்கள். நல்ல தண்ணீரில் பாயசம் மாதிரி ஊதியிருக்கும். உப்புத்தண்ணீரில் மாவு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அப்படி நின்றால் நல்ல தண்ணீரில் கரைத்து ஊறவைத்த குழம்பைக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை.

குழம்பின் தடிப்பை மார்ஷ் புனலில் அளக்க வேண்டும். 946 மில்லிலிட்டர் வெறும் தண்ணீர் 26 வினாடியில் இறங்கும். நம் குழம்பு 35 முதல் 45 வினாடி எடுக்க வேண்டும். அடர்த்தி 1.05 முதல் 1.10. இதற்கு மேல் ஏறினால் மணல் சேர்ந்துவிட்டது என்று பொருள். தொட்டியைத் தூர்வாருங்கள், தண்ணீர் ஊற்றி இளக்கிச் சமாளிக்காதீர்கள். இளக்கினால் தடிப்பும் போய்விடும், மணல் அப்படியே இருக்கும்.

பம்பு எவ்வளவு தள்ள வேண்டும்? 150 மி.மீ. துளையில் 70 மி.மீ. ராடு ஓடினால் ராடுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள சுற்று இடைவெளி மீட்டருக்கு 13.8 லிட்டர். வெட்டுத்தூள் மேலே ஏற நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம் வேண்டும். பெருக்கினால் நிமிடத்துக்கு 415 லிட்டர். பழைய பம்பு 250 லிட்டர்தான் தருகிறது என்றால் தூள் பாதியில் மிதந்து நிற்கும். ராடை நிறுத்திய மறுகணம் ராடின் நுனியில் இருந்து வெட்டும் பிட்டின் மேல் படிந்து இறுக்கிவிடும். ராடு மாட்டிக்கொண்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு மூலம் பம்புதான். மண்ணைக் குறை சொல்வார்கள்.

இரட்டைத் துளை

புதுப்பகுதியில் கரி எத்தனை மீட்டரில் என்று யாருக்கும் தெரியாது. மேலிருந்து கீழ்வரை கோர், அதாவது அடுக்கு குலையாத உருளைத் துண்டு, எடுத்துக்கொண்டே போனால் பணமும் நாளும் கரையும். கோர் எடுக்காமல் போனால் கரியைப் பார்க்கவே முடியாது. இதற்கு நல்ல வழி, முதலில் கோர் எடுக்காத ஒரு துளையை அடிவரை போட்டு, புவிஇயற்பியல் கருவியால் படித்துவிடுவது. பிறகு மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி இரண்டாவது துளை. அதில் கரி தெரிந்த ஆழத்துக்கு மூன்று மீட்டர் மேலேயிருந்து கோர். படலம் கிட்டத்தட்டக் கிடையாக இருப்பதால் ஐந்து மீட்டர் தள்ளியதால் ஆழம் சொல்லும்படி மாறாது. செலவு இரட்டிப்பாகத் தெரியும். கோர் பாழாகி மறுபடி போடுவதைவிட இது மலிவு.

முதல் துளை

வாயில் 200 மி.மீ. கேசிங் பைப்பை ஆறு மீட்டர் இறக்கி வெளிப்பக்கம் சிமெண்ட் போடுங்கள். வயல் மண் இடிந்து துளைக்குள் போகாமலிருக்க இது போதும். அதன் உள்ளே 150 மி.மீ. பிட். களிமண்ணுக்கு இறக்கை பிட், கெட்டி மணற்கல் பட்டை வந்தால் மூன்று உருளைப் பிட். மேற்கே வல்லம், ஒரத்தநாடு பக்கம் மேலேயே செம்புறைக்கல் இருக்கும், அங்கே ஆரம்பத்திலேயே உருளை பிட் வேண்டும்.

ஒவ்வொரு மீட்டருக்கும் வெட்டுத்தூள் ஒரு கை அள்ளி, கழுவி, ஆழம் எழுதிய தாளின் மேல் வரிசையாகக் காயவைக்க வேண்டும். இப்போது தொட்டியில் விழும் தூள் இப்போது வெட்டியது அல்ல என்பதை மறக்கக்கூடாது. 200 மீட்டரில் சுற்று இடைவெளி 2,760 லிட்டர். நிமிடத்துக்கு 400 லிட்டர் தள்ளினால் தூள் மேலே வர ஏழு நிமிடம். மீட்டருக்கு மூன்று நிமிடம் வெட்டிக்கொண்டிருந்தால் பிட் அதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் கீழே போயிருக்கும். ஆகவே கரித்தூள் கண்ணில் பட்ட ஆழம் உண்மை ஆழத்தைவிட இரண்டு மீட்டர் கூடுதலாகப் பதிவாகும். கருந்தூள் தெரிந்ததும் வெட்டுவதை நிறுத்தி, குழம்பை மட்டும் பத்து நிமிடம் சுற்றவிட்டு, அதன் பின் தொடருங்கள்.

படலத்துக்குள் பிட் நுழைவது டிரில்லரின் கைக்கு முதலில் தெரியும். மணற்கல்லில் ராடு அதிரும். கரியில் அதிர்வு அடங்கி, வழுக்கிக்கொண்டு இறங்கும். குழம்பு சாம்பல் நிறம் மாறிக் காப்பித்தூள் கரைத்த நிறமாகும்.

ஆனால் கறுப்பாக வந்ததெல்லாம் கரி இல்லை. கரிக்களி (கரி கலந்த களிமண்), மட்கிய கட்டைத் துண்டு எல்லாம் ஏமாற்றும். தூளைக் கழுவி, வாணலியில் வைத்து ஈரம் போக வறுத்து, ஒரு சிட்டிகையைத் தகரத்தில் வைத்துத் தீ காட்டுங்கள். லிக்னைட் பற்றிக்கொண்டு, விறகு புகை மணத்தோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். கரிக்களி சிவந்து சுட்ட ஓட்டுச்சில் மாதிரி வடிவம் மாறாமல் கிடக்கும். ரிக்கிலிருந்து தள்ளி இதைச் செய்யுங்கள். கரிப்படலத்தோடு மீத்தேன் இருக்கக்கூடும். துளை வாயருகே வாயுமானி தொங்க வேண்டும், பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது.

ஆழக் கணக்கு ராடு எண்ணிக்கையில்தான் வருகிறது. ஒரு ராடு மூன்று மீட்டர். ஷிப்ட் மாறும்போது ஒன்றை இருமுறை எண்ணினால் மூன்று மீட்டர் பிழை, கரிப்படலமே அவ்வளவு தடிமன் இருக்கலாம். ராடுகளுக்கு எண் பெயிண்ட் அடித்து, தரையில் மிச்சமிருப்பதையும் எண்ணி, இரண்டையும் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப்பார்ப்பது ஒவ்வொரு ஷிப்டிலும் நடக்க வேண்டும்.

அடியில் இருக்கும் அழுத்தத் தண்ணீர்

நெய்வேலியில் கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர்ப்படுகை உண்டு. சுரங்கத்தைக் காக்க இரவு பகலாகப் பம்பு வைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். டெல்டாவிலும் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். கரியின் அடிக்களியைத் துளைத்ததும் தண்ணீர் தானாகப் பொங்கலாம்.

அஞ்ச வேண்டாம், கணக்குப் போடுங்கள். 250 மீட்டரில் உள்ள நீர் தரைக்கு மேல் மூன்று மீட்டர் எழும் அழுத்தம் உடையதென்றால், அதை அடக்க வேண்டிய அடர்த்தி 253 ÷ 250, அதாவது 1.012. நம் 1.05 குழம்பு தாராளமாகப் போதும். அதே அழுத்தம் ஆழம் குறைந்த இடத்தில் ஆபத்து: 100 மீட்டரில் ஐந்து மீட்டர் எழும் நீருக்கு 1.05 விளிம்பில் நிற்கிறது. அங்கே பாரைட் என்ற கனமான கனிமப்பொடியைக் கலந்து அடர்த்தியை ஏற்றி வையுங்கள். உண்மையில் பொங்குவது ராடை அவசரமாக உருவும்போதுதான். ராடு வெளியேறிய அளவுக்குக் குழம்பு மட்டம் கீழிறங்கும், பிட் பிஸ்டன் மாதிரி உறிஞ்சவும் செய்யும். மெதுவாக உருவுங்கள், உருவிக்கொண்டே குழம்பை வாய்வரை நிரப்புங்கள்.

எதிர்பாராமல் குழம்பு குறைந்தால் அது மறுபக்கக் கோளாறு. பருமணல் குடித்துக்கொண்டிருக்கிறது. மரத்தூளோ உமியோ கலந்து ஓட்டினால் பெரும்பாலும் அடைபடும். உமிக்குத் தஞ்சாவூரில் பஞ்சமில்லை.

கருவி இறக்குதல்

துளை கரியின் அடியைத் தொட்டதும், கருவி உட்கார இடம் கிடைக்கும்படி கரிக்குக் கீழே சில மீட்டர் மட்டும் போய் நிறுத்துங்கள். குழம்பைச் சுற்றி, பிட்டை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டி வழியைச் சீர்செய்து, அன்றே அளந்துவிட வேண்டும். களிமண் மணிக்கணக்கில் ஊதித் துளையைக் குறுக்கும்.

முதலில், அடுக்குகளின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கும் காமாக் கருவியும், மின்தடைக் கருவியும், துளை விட்டம் அளக்கும் காலிப்பரும். இவற்றில் கதிரியக்கப் பொருள் இல்லை. வழி சுத்தம் என்று உறுதியான பிறகே சீசியம்-137 உள்ள அடர்த்திக் கருவி. அது உள்ளே மாட்டிக்கொண்டால் விஷயம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரை போகும். மூடிவிட்டுப் போகும் பேச்சே இல்லை.

வரைபடத்தில் கரி மூன்று விதமாகக் காட்டிக்கொடுக்கும்: காமா தாழும், மின்தடை ஏறும், அடர்த்தி 1.1 முதல் 1.3-க்கு விழும். களியில் காமா உயரும், மின்தடை குறையும். நல்ல தண்ணீர் மணலிலும் காமா தாழ்ந்து மின்தடை ஏறும், அதனால் அந்த இரண்டை மட்டும் வைத்துக் கரி என்று சொல்லிவிடாதீர்கள். அடர்த்திதான் பிரித்துக்காட்டும், மணல் இரண்டுக்குக் கீழே இறங்காது. துளை இடிந்து அகன்ற இடத்திலும் அடர்த்தி பொய்யாகக் குறையும். காலிப்பர் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது அதற்காகத்தான். படலத்தின் மேல், கீழ் எல்லையை அடர்த்திக் கோடு மாறும் சரிவின் நடுப்புள்ளியில் குறிப்பார்கள்.

இரண்டாவது துளையும் கோரும்

கரியின் கூரைக்கு மூன்று மீட்டர் மேலே வரை 150 மி.மீ.யில் இறங்கி, அங்கே ஹெச்.டபிள்யூ. அளவுக் கேசிங்கை நிறுத்துங்கள். உள்விட்டம் 101.6 மி.மீ., அதன் வழியே 96 மி.மீ. ஹெச்.க்யூ. அளவுப் பிட் போகும். கேசிங் எதற்கு என்றால், கோர் எடுக்கும்போது பம்பை மிகக் குறைத்து ஓட்ட வேண்டும். அகன்ற துளையில் அந்தக் குறைந்த ஓட்டம் தூளைத் தூக்காது. கேசிங்கும் 88.9 மி.மீ. ராடும் விடும் சிறு இடைவெளியில் நிமிடத்துக்கு 57 லிட்டரே போதும். 250 மீட்டர் கேசிங் நாலு டன்னுக்கு மேல் எடை, ரிக் தாங்குமா என்று முன்பே பாருங்கள்.

கோர் உள்ளே ஏறி நிற்க, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய் உள்ள கோர் பேரல் வேண்டும், 1.5 மீட்டர் நீளம். பிட் கார்பைடு பல் உள்ளது, குழம்பு பிட்டின் முகத்தில் வெளியேறும் வகை. பக்கவாட்டில் கோரின் மேல் பீய்ச்சும் பிட் லிக்னைட்டைக் கழுவிக் கரைத்துவிடும். மூன்று குழாய் பேரலில் வரும் கோரின் விட்டம் 61 மி.மீ. சுழற்சி மெதுவாக, அழுத்தம் சீராக, இடையில் ராடைத் தூக்காமல் ஓட வேண்டும். தூக்கினால் கோர் ஒடிந்து, ஒடிந்த துண்டு பிட்டின் வாயில் சுழன்று அடியில் வருவதை அரைத்துத் தள்ளும்.

உள்குழாயைத் திறந்ததும் நேரம் ஓட ஆரம்பிக்கிறது. புதிதாக வந்த லிக்னைட் ஈரமாய், கருங்காலித் துண்டு மாதிரி கருப்பில் பழுப்போடும். மரத்தின் நார் அப்படியே தெரியும். சில இடத்தில் மஞ்சள் பிசின் புள்ளி, சில இடத்தில் பித்தளை மினுக்கல். அது கந்தகம் சேர்ந்த கனிமம், குறித்துக்கொள்ளுங்கள். எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். சித்திரை வெயிலில் அரைமணி கிடந்தால் மேல்பக்கம் மீன்செதிலாய் வெடிக்கும், மாலைக்குள் கைபட்டாலே உதிரும். அந்த நேரத்தில் போன ஈரம் ஆய்வகத்தில் கரியின் தரத்தை உயர்த்திக் காட்டும். பொய்த்தரம். எனவே பந்தலுக்கு அடியில் வைத்தே வேலை: நீளம் அள, படம் எடு, வரி வரியாக எழுது, இரட்டைப் பாலிதீனில் சுற்றிக் காற்றுப் புகாமல் கட்டு, எடை போடு. எல்லாம் ஒரு மணிக்குள். 5 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த களிப்பட்டை இருந்தால் தனி சாம்பிளாகப் பிரியுங்கள். கரியோடு சேர்த்தால் சாம்பல் அளவு ஏறும்.

கரியில் 90 விழுக்காடு கோர் கைக்கு வர வேண்டும். பேரலை ஒருமுறை இறக்கி எடுக்கும் 1.5 மீட்டர் ஓட்டத்தில் 1.32 மீட்டர் வந்தால் 88, தேறவில்லை. காணாமல் போன 18 சென்டிமீட்டர் எங்கே என்பதை முதல் துளையின் அடர்த்தி வரைபடத்தோடு வைத்துத் தேடுங்கள். மென்மையான கரி கழுவிப்போனதா, கூரைக்களியா என்பது தெரியும். கோர் நூறு விழுக்காட்டுக்கு மேல் வந்தால் மகிழாதீர்கள். முந்தைய ஓட்டத்தின் அடித்துண்டு உள்ளே நின்று இப்போது வந்திருக்கிறது, அல்லது களி ஊதியிருக்கிறது. பெட்டியில் அடுக்கும்போது இடது மேல் மூலையிலிருந்து ஆழம் கூட வேண்டும். தலைகீழாக வைத்த ஒரு துண்டு கூரையை அடியாக்கிவிடும்.

ஆய்வகத்தில் ஈரப்பதம் 108 டிகிரி சூட்டிலும், சாம்பல் 815-லும், ஆவியாகும் பொருள் 900 டிகிரியில் ஏழு நிமிடத்திலும் அளக்கப்படும். எரிதிறனை ஈரத்தோடா, காயவைத்தா எந்த அடிப்படையில் கொடுத்தார்கள் என்று அறிக்கையில் பாருங்கள். நெய்வேலிக் கரி வெட்டிய ஈரத்தோடு கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி தரும். அறிக்கையில் 5,000 என்று கண்டால் அது உலர்ந்த கரியின் கணக்கு.

அளவு மதிப்பிடுவது எளிய பெருக்கல்: பரப்பு, தடிமன், அடர்த்தி. ஒரு சதுர கிலோமீட்டர், ஐந்து மீட்டர், 1.2 என்றால் 60 லட்சம் டன். தடிமனில் அரை மீட்டர் பிழை ஆறு லட்சம் டன் பிழை.

துளையை அடைத்தல்

பணம் தீர்ந்து, அடுத்த இடத்துக்கு ரிக் போக அவசரப்படும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, அதனாலேயே குறைபடும் வேலை. திறந்து விட்ட துளை, மேல்நீரையும் கீழ்நீரையும் இணைக்கும் குழாய். கடலோரத்தில் உப்புப்படுகையும் நல்ல தண்ணீர்ப் படுகையும் அதன் வழியே கலக்கும். பக்கத்து பம்புசெட் தண்ணீர் சில ஆண்டில் கரிக்கத் தொடங்கினால் காரணம் தேடி அலைவார்கள். இரட்டைத் துளை போட்டிருந்தால் இரண்டையும் அடைக்க வேண்டும். மண்ணையும் வெட்டுத்தூளையும் மேலிருந்து தள்ளுவது அடைப்பாகாது. பாதியில் பாலம் கட்டி நின்று கீழே வெற்றிடம் விடும்.

சிமெண்ட் குழம்பு, அதுவும் அடியிலிருந்து மேலே. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கலந்தால் ஒரு 50 கிலோ மூட்டை 41 லிட்டர் குழம்பு தரும். 5.3 கன மீட்டர் துளைக்கு 130 மூட்டை, இடிந்து அகன்ற இடத்துக்கும் சேர்த்து 150 மூட்டை. ராடை அடியிலிருந்து மூன்று மீட்டருக்குள் இறக்கி, அதன் வழியே அனுப்புங்கள். ராடின் நுனி எப்போதும் சிமெண்டுக்குள் புதைந்திருக்கும்படி மெல்ல மேலே தூக்குங்கள். ஒரே மூச்சில் 300 மீட்டரும் நிரப்பினால் எடை தாங்காமல் மணல்படுகை பிளந்து சிமெண்டைக் குடிக்கும், அதனால் 100 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி இறுகவிட்டுத் தொடருங்கள். மறுநாள் பார்த்தால் மேல்மட்டம் இறங்கியிருக்கும். நிரப்புங்கள். போன மூட்டைகள் கணக்கைவிடக் குறைவு என்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது. கணக்கை ஒப்பேற்றி எழுதாமல் ராடை இறக்கித் தட்டிப் பாருங்கள்.

வாய்க் கேசிங்கை தரைக்குக் கீழே ஒன்றரை மீட்டரில் வெட்டி எடுங்கள். ஏர், டிராக்டர் கலப்பை, சேற்றுழவு எதுவும் அதைத் தொடக்கூடாது. தொட்டிக் குழம்பை லாரியில் ஏற்றி அகற்றி, தார்ப்பாயை எடுத்து, அடிமண்ணைப் போட்டு மிதித்து, அதன் மேல் குவித்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, வரப்பைப் பழைய இடத்தில் கட்டிக் கொடுங்கள். துளை இருந்த இடத்தின் ஆயத்தொலைவை நில உரிமையாளரிடம் எழுதிக் கொடுங்கள். நாளை அவர் அங்கே போர் போட நினைக்கலாம்.

வயலில் முதல் தண்ணீர் பாய்ந்த பிறகு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். தொட்டி வெட்டிய இடத்தில் மண் அமுங்கித் தண்ணீர் குளம் கட்டியிருக்கும், பெரும்பாலும் ஒரு கை ஆழம். அங்கே நாற்று நட்டால் மூழ்கி அழுகும். ஒரு டிராக்டர் மேல்மண் கொண்டுபோய், நடவுக்கு முன் மட்டம் பிடித்துக் கொடுங்கள்.